நடந்துபோகும் தூரத்தில் ஒரு தியேட்டர்

சென்னையின் தியேட்டர் தெரு எது என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். மவுண்ட் ரோடுதான். கேசினோ, மிட்லண்ட், பிளாசா, வெலிங்டன், சாந்தி, ஆனந்த், சஃபயர், தேவி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். அந்தத் தெருவைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஏ.சி. காற்றின் முதல் குளிர், இடைவேளையில் குடித்த காபி, கறுப்பில் டிக்கெட் வாங்கிய கதை எல்லாம் அச்சில் இருக்கிறது. எழுதியதில் தப்பில்லை. ஆனா அந்த ஒரு தெருவை மட்டும் வச்சுக்கிட்டு இந்த ஊரோட சினிமா வரலாற்றை எழுதினா பாதிதான் தேறும்.

மீதிப் பாதி எங்கே என்பதற்குப் பழைய பத்திரிகை விளம்பரங்களிலேயே துப்பு இருக்கிறது. சிவாஜி கணேசனின் 'தங்கப்பதக்கம்' 1974இல் வந்தபோது சென்னையில் மூன்று தியேட்டர்களில் ஓடியது: சாந்தி, கிரவுன், புவனேஸ்வரி. அவருடைய 200ஆவது படமான 'திரிசூலம்' 1979இல் வந்தபோதும் அதே மூன்று பெயர்கள்தான். மூன்றிலும் 175 நாள் ஓடியது. எம்.ஜி.ஆர். பக்கம் போனால் 1965இன் 'எங்க வீட்டுப் பிள்ளை'க்கு கேசினோ, பாரத், மேகலா. 1973இன் 'உலகம் சுற்றும் வாலிபன்'க்கு தேவி பாரடைஸ், அகஸ்தியா, உமா. நடிகர் மாறுவார், தியேட்டர் பெயர் மாறும், கணக்கு மட்டும் மாறாது. ஒன்று மவுண்ட் ரோட்டில், ஒன்று புரசைவாக்கம் பக்கம், ஒன்று வடக்கே.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு இது பழகிய கணக்கு. எல்லோரையும் ஒரே சர்வரில் கொண்டுபோய்க் குவிக்காமல், அவரவருக்குக் கிட்டத்தில் இருக்கும் சர்வருக்கு அனுப்பிவிடுவோம். அன்றைய விநியோகஸ்தர் செய்ததும் அதைத்தான். பிரிண்ட் போட காசு அதிகம். ஊருக்கு மூன்று நான்கு பிரிண்ட்தான் கட்டுப்படியாகும். அதை எங்கே வைத்தால் அதிகம் பேர் நடந்தோ, ஒரே பஸ்ஸிலோ வந்து சேர முடியும் என்று பார்த்து வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் கிரவுன், பாரத், அகஸ்தியா மூன்றும் மவுண்ட் ரோட்டுக்கு அடுத்த படியில் நின்ற தியேட்டர்கள் இல்லை. தங்களுக்கென்று தனி ஊரை வைத்திருந்த தியேட்டர்கள். மிண்ட்டில் தொடங்கி வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் என்று நீளும் அந்த ஊரின் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

*

கதை மவுண்ட் ரோட்டில்தான் தொடங்குகிறது. 1913இல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் அங்கே எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்தார். அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள் இருக்கிறது. தபால்தலை சேகரிப்பவர்கள் போய்வரும் இடம். மவுண்ட் ரோட்டில் அன்றைக்குக் காசு இருந்தது. கோட்டையிலிருந்து கிண்டி வரை வெள்ளைக்காரர்களின் கடைகளும் கிளப்புகளும் ஹோட்டல்களும் அந்தச் சாலையை ஒட்டித்தான் இருந்தன. சாயங்காலம் கோச் வண்டியில் வந்து இறங்குகிறவர்களுக்கான பொழுதுபோக்காக சினிமா வந்தது.

அடுத்த ஆண்டே அங்கே ஓர் இந்தியர் நுழைந்தார். ரகுபதி வெங்கையா. மசூலிப்பட்டினத்துக்காரர், மவுண்ட் ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். 1910 வாக்கில் குரோனோமெகாஃபோன் என்ற கருவியை வரவழைத்தார். படம் ஒரு பக்கம் ஓட, அதற்கு இணையாக இசைத்தட்டு இன்னொரு பக்கம் சுழலும் ஏற்பாடு அது. அதை எடுத்துக்கொண்டு பர்மா, இலங்கை வரை சுற்றினார். திரும்பி வந்து 1914இல் மவுண்ட் ரோடு பகுதியில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமா தியேட்டர் அதுதான்.

வெங்கையாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கெயிட்டியோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அடுத்துச் செய்த காரியம். இரண்டாவது, மூன்றாவது தியேட்டர்களை அவர் மவுண்ட் ரோட்டில் கட்டவில்லை. ஒன்றை மிண்ட் தெருவில் கட்டினார், அது கிரவுன். இன்னொன்றைப் புரசைவாக்கத்தில் கட்டினார், அது குளோப். பிற்பாடு ராக்சி ஆனது. மவுண்ட் ரோடு, மிண்ட், புரசைவாக்கம். அறுபது ஆண்டு கழித்து 'திரிசூலம்' விளம்பரத்தில் வந்த முக்கோணம் இதேதான். சிவாஜி படத்தின் விநியோகஸ்தர் யாரும் உட்கார்ந்து புதிதாகக் கண்டுபிடித்ததல்ல அது. பேசாத படக் காலத்திலேயே ஒரு போட்டோகிராஃபர் நகரத்தைப் பார்த்து வைத்த புள்ளிகள்.

மிண்ட் தெருவை ஏன் தேர்ந்தெடுத்தார்? தெருவின் பெயரிலேயே பாதிக் காரணம் இருக்கிறது. கம்பெனியின் நாணயச்சாலை 1840களிலிருந்து இங்கே இருந்தது. தமிழில் தங்கசாலைத் தெரு. நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டு அந்த இடம் அரசு அச்சகமாயிற்று. தெற்கே சௌகார்பேட்டையின் வட்டிக்கடைகளும் ஜவுளிக் கடைகளும், வடக்கே வண்ணாரப்பேட்டையும் தண்டையார்பேட்டையும், கிழக்கே துறைமுகம், மேற்கே ரயில். நாலு பக்கமும் ஜனம். இங்கே வருகிறவர்கள் யாரும் கோச் வண்டியில் வரப்போவதில்லை. வேலை முடிந்த கையோடு நடந்து வருவார்கள். நடந்து வருகிறவர்களுக்குப் பக்கத்தில் தியேட்டர் வேண்டும். அவ்ளோதான் விஷயம்.

*

தமிழ் சினிமா பேச ஆரம்பித்ததும் இந்தப் பக்கம்தான். 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளியானது கினிமா சென்ட்ரல் தியேட்டரில். பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய தியேட்டர். எச்.எம். ரெட்டி இயக்கம், டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. பம்பாயில் எடுத்த படம். கதாநாயகி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். இன்று பார்த்தால் சிரிப்பாக இருக்கும். அன்று ஜனம் அதைப் பொருட்படுத்தவில்லை. திரையில் ஒரு பொம்பளை தமிழில் பாடுகிறாள் என்பதே போதுமானதாக இருந்தது.

படப்பெட்டி பம்பாயிலிருந்து ரயிலில் சென்ட்ரலுக்கு வந்தது. அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம். ஸ்டேஷனிலிருந்து வால்டாக்ஸ் ரோடு வழியாகப் பெட்டியை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். ரோஜா இதழ் தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், ஊதுவத்தி கொளுத்தினார்கள். உற்சவமூர்த்தி வீதியுலா போவதுபோல ஒரு சினிமாப் பெட்டி போயிருக்கிறது. கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்கிறவர்களைப் பார்த்து இது ரசிகர் மன்றக் காலத்து வியாதி என்று சொல்பவர்கள் 1931இன் வால்டாக்ஸ் ரோட்டையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். நடிகருக்கு ரசிகர் மன்றம் வருவதற்கு முன்பே பெட்டிக்கு ஊர்வலம் வந்துவிட்டது.

வால்டாக்ஸ் ரோட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கம்பெனி மதில் கட்டியது. அந்தச் செலவை உள்ளே குடியிருப்பவர்களிடமே வரியாக வசூலிக்கலாம் என்று திட்டம் போட்டது. வரி வசூலாகவே இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. வராத வரியின் பெயரைத் தாங்கிய தெருவில்தான் தமிழின் முதல் பேசும் படம் தேங்காய் உடைத்து வரவேற்கப்பட்டது. அதே தெருவில்தான் ஒற்றைவாடை நாடகக் கொட்டகையும் இருந்தது. நாடகக் கம்பெனிகள் வந்து ஆடிய இடம். பாட்டுக்காகவும் வசனத்துக்காகவும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பழகிய கூட்டம் இந்தப் பகுதியில் ஏற்கெனவே இருந்தது. பேசும் படத்துக்குப் புதிதாக ஆள் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே போனால் பிராட்வே. ஸ்டீபன் போஃபம் என்ற வக்கீல் போட்ட தெரு. இன்று பிரகாசம் சாலை. அந்தத் தெருவின் பிராட்வே தியேட்டரில் 1944 தீபாவளிக்கு வந்தது எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்'. அடுத்த தீபாவளிக்கும் ஓடியது. அதற்கடுத்த தீபாவளிக்கும் ஓடியது. இந்தச் சாதனையைச் சொல்கிறவர்கள் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. படம் வந்து சில வாரங்களிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. பாகவதர் கைதானார், தண்டனையும் பெற்றார். 1947இல்தான் விடுதலை. ஆக, அந்தப் படம் ஓடிய காலத்தின் பெரும்பகுதி அதன் கதாநாயகன் சிறையில். திரையில் அவர் பாடுகிறார், கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும். அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு படம் பார்த்த அனுபவம் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

போர்க்காலம் என்பதையும் மறக்கக் கூடாது. கச்சா ஃபிலிமுக்குக் கட்டுப்பாடு, படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. புதுப்படங்களின் வரத்து குறைந்தது. இருக்கிற நல்ல படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் வழி. மூன்று தீபாவளிக்குப் பாகவதரின் குரல் ஒரு காரணம் என்றால் ஃபிலிம் பஞ்சமும் ஒரு காரணம். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டுமானால் தியேட்டர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மூன்றாவது காரணம்.

இன்னொன்றையும் இந்த வரைபடத்தில் குறித்து வைக்கலாம். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் பொதுக்கூட்டம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் நடந்தது. அண்ணா கதை எழுதிய 'நல்லதம்பி', 'வேலைக்காரி' இரண்டும் அதே ஆண்டு வந்த படங்கள். சினிமாவும் அரசியலும் எப்படிக் கலந்தன என்று ஆராய்ச்சிகள் நிறைய வந்திருக்கின்றன. பூங்காவுக்கும் பிராட்வே, மிண்ட் தியேட்டர்களுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை நடந்து பார்த்தாலே பாதி புரிந்துவிடும். கூட்டத்தில் வசனம் கேட்டவரும் தியேட்டரில் வசனம் கேட்டவரும் ஒரே ஆள்தான்.

*

இனி மிண்ட்டிலிருந்து வடக்கே. திருவொற்றியூர் ஹை ரோடு. முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, டி.எச். ரோடு.

இந்தச் சாலை வேலை செய்கிறவர்களுக்காகவே உண்டானது என்று சொன்னால் மிகையாகாது. வண்ணாரப்பேட்டை என்பது கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பு. அதற்கும் வடக்கே, திருவொற்றியூர்ப் பக்கம், 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் கோலெட் நெசவாளர்களுக்கென ஒரு கிராமத்தை உண்டாக்கினார். அவர் பெயரால் கோலெட் பேட்டை. நம் நாக்கில் புரண்டு காலடிப்பேட்டை. அங்கே இருக்கும் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் ஊர்க் கதை ஒன்று உண்டு. கோலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். லேட்டாக வருகிறாரே என்று துரை சோதித்துப் பார்த்து, கடைசியில் அவர் பக்தியை மெச்சி இங்கேயே கோயில் கட்டிக்கொடுத்தாராம். கதை எவ்வளவு தூரம் உண்மை என்பது இருக்கட்டும். வேலைக்கு லேட்டாக வருவதுதான் கதையின் முடிச்சு என்பதைக் கவனியுங்கள். பேட்டையின் தலபுராணமே அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் இருந்து தொடங்குகிறது.

துணிக்குப் பிறகு தொழிற்சாலைகள் வந்தன. ரயிலைப் பொறுத்தவரை ராயபுரத்துக்குத் தனி இடம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் அங்கிருந்துதான் கிளம்பியது. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை. இன்றும் அந்தப் பகுதி விம்கோ நகர்தான். 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்வதில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1948இல் தொடங்கி எண்ணூரில் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ். பிறகு அசோக் லேலண்ட். 1954இல் கார்போரண்டம் யூனிவர்சல். 1955இல் என்ஃபீல்டு. பத்து ஆண்டுக்குள் டி.எச். ரோட்டின் இரண்டு பக்கமும் சைரன் சத்தம். அந்த வட்டாரத்தில் நேரம் பார்ப்பதற்கு வாட்ச் தேவைப்பட்டிருக்காது.

தொழிற்சாலை வந்தால் ஷிஃப்ட் வரும். ஷிஃப்ட் வந்தால் தியேட்டருக்கு எல்லாக் காட்சிக்கும் ஆள் வரும். மவுண்ட் ரோட்டு ஆபீஸ்காரருக்கு சினிமா என்றால் சாயங்காலக் காட்சி, மிஞ்சினால் ஞாயிற்றுக்கிழமை மேட்னி. இங்கே அப்படி இல்லை. காலை ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவருக்கு மேட்னி. ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவருக்கு முதல் ஆட்டம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரும் கடலுக்குப் போய்விட்டுக் கரையேறியவரும் அன்றன்றைய கூலியைக் கையில் வைத்திருப்பவர்கள். அவர்களுக்குக் கிழமை கிடையாது, மாத முதல் வாரம் கடைசி வாரம் என்பதும் கிடையாது. மாதச் சம்பளம் வாங்குகிறவர் தேதி பார்த்து சினிமாவுக்குப் போவார். நாள்கூலி வாங்குகிறவர் காசு வந்த அன்று போவார். ஒரு படம் வடக்கே நூறு நாள் ஓடுவதற்கு நட்சத்திர மோகத்தை மட்டும் காரணம் சொல்வது சோம்பேறித்தனம். கூலி வருகிற முறையும் அதற்கு ஒரு காரணம்.

டி.எச். ரோட்டில் மகாராணி இருந்தது. 1967இல் தண்டையார்பேட்டையில் அகஸ்தியா வந்தது. ஆயிரம் பேர் உட்காரலாம். அப்போது இந்தப் பக்கத்துக்கு அது பெரிய தியேட்டர். 'உலகம் சுற்றும் வாலிபன்' தேவி பாரடைஸுக்கு இணையாக இங்கே ஓடியது என்று மேலே சொன்னேன். அதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மவுண்ட் ரோட்டில் 1970இல் திறந்த, நகரத்திலேயே நவீனமான தியேட்டர் ஒன்றில் என்ன படம் என்றைக்கு வருகிறதோ, அதே படம் அதே நாளில் தண்டையார்பேட்டைக்கும் வந்தது. இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் படம் பார்க்கும் உரிமை வடக்கே இருந்தது. ஆசியா முழுக்கச் சுற்றி, ஜப்பான் எக்ஸ்போவில் எடுத்த காட்சிகளைத் தண்டையார்பேட்டைக்காரர் லுங்கியோடு போய் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டு வந்தார்.

இதற்கு ஓர் எல்லை இருந்தது. தண்டையார்பேட்டை தாண்டினால் டோல்கேட். அந்தக் காலத்து சுங்கச்சாவடி. அங்கே மெட்ராஸ் முடிந்துவிடும். அதற்கடுத்த காலடிப்பேட்டையும் திருவொற்றியூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டம், தனி நகராட்சி. சினிமா வியாபாரத்திலும் சென்னை சிட்டி ஒரு ஏரியா, செங்கல்பட்டு வேறு ஏரியா. நடந்தால் சில நிமிடம்; கணக்குப் புத்தகத்தில் வேறு ஊர். ஓடியன் மணி, எம்.எஸ்.எம். போன்ற திருவொற்றியூர்ப் பக்கத்துத் தியேட்டர்கள் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்தவை. அகஸ்தியாவில் நூறாவது நாள் போஸ்டர் ஒட்டப்படும் படத்தில், காலடிப்பேட்டையிலிருந்து டோல்கேட்டைக் கடந்து நடந்து வந்து பார்த்தவர்களின் பங்கு எவ்வளவு என்று எந்தக் கணக்கிலும் இருக்காது. விளம்பரத்தில் அவர்கள் 'சென்னை' மக்கள். ரேஷன் கார்டில் செங்கல்பட்டுக்காரர்கள். திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது 2011இல்தான். அதற்குள் அந்தத் தியேட்டர் காலமே முடியப் போயிருந்தது.

*

தியேட்டர் என்பது படம் ஓடும் கட்டடம் மட்டும் இல்லை. தெருவுக்கு அது வேறு சில வேலைகளையும் செய்தது.

இரண்டாவது ஆட்டம் விட்டு ஜனம் வெளியே வரும்வரை தெருவில் விளக்கு எரியும். டீக்கடை, பரோட்டாக் கடை, வெற்றிலை பாக்குக் கடை எல்லாம் அதை நம்பித் திறந்திருக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்குத் தெரு இருட்டாக இருக்காது. அடுத்தது, பெண்கள். பக்கத்து வீட்டு அக்காவும் எதிர்வீட்டு அத்தையுமாகச் சேர்ந்து நடந்தே போய் மேட்னி பார்த்துவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீடு திரும்புவார்கள். பஸ் பிடிக்க வேண்டுமென்றால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். நடந்துபோகும் தூரம் என்றால் சொல்ல வேண்டிய அவசியம் குறைவு. வெளியே போவதற்கு அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒரு தலைமுறைக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, தரை டிக்கெட். மவுண்ட் ரோட்டுத் தியேட்டரிலும் குறைந்த விலை டிக்கெட் இருந்தது. ஆனா அங்கே போக பஸ் சார்ஜ் வேண்டும், கொஞ்சம் நல்ல சட்டை வேண்டும், 'நம்மள யாராவது ஏதாவது சொல்லுவாங்களோ' என்ற தயக்கத்தையும் தாண்ட வேண்டும். டிக்கெட் விலைப் பட்டியலில் இதெல்லாம் வராது. உள்ளூர்த் தியேட்டரில் இந்த மூன்று செலவும் இல்லை. அங்கே எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள்.

*

பிறகு என்ன ஆயிற்று என்பது தெரிந்த கதைதான், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். டி.வி. வந்தது, கேபிள் வந்தது, திருட்டு வி.சி.டி. வந்தது. ஆனால் மூன்று தியேட்டர் முறையை முறித்தது அவை இல்லை, டிஜிட்டல். 2000களின் நடுவில் க்யூப் போன்ற டிஜிட்டல் திரையிடல் பரவியதும் பிரிண்ட் செலவு என்ற தடை போய்விட்டது. ஒரே நாளில் எத்தனை தியேட்டரில் வேண்டுமானாலும் திறக்கலாம். இதனால் அகஸ்தியாவுக்கு முன்பிருந்த தனிச்சிறப்பு போனது. 175 நாள் என்பது மூன்று வாரமாகச் சுருங்கியது. முதல் வாரத்தில் வசூலை முடித்துவிட வேண்டும் என்றால் ஆயிரம் இருக்கை உள்ள ஒரே ஹாலைவிட, இருநூறு இருநூறாகப் பிரித்த ஐந்து ஹால்தான் தோது. அதற்கு இடம் வேண்டும், பார்க்கிங் வேண்டும். நடந்து வருகிறவர்களுக்காகக் கட்டிய தியேட்டரில் பார்க்கிங்குக்கு எங்கே போவது?

வேலையும் இடம் மாறியது. என்ஃபீல்டு தன் பெரிய உற்பத்தியை ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் கொண்டுபோனது. நகரத்தின் புதிய சம்பளம் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையில் விழ ஆரம்பித்தது. என் சம்பளமும் அங்கேதான் விழுகிறது. மல்டிபிளெக்ஸ்கள் அந்தச் சம்பளத்தைப் பின்தொடர்ந்து போயின. நூறு ஆண்டுக்கு முன்பு வெங்கையா மிண்ட் தெருவுக்குப் போனதும் இதே விதிப்படிதான். கூலி எங்கே நடக்கிறதோ அங்கே தியேட்டர் போகும்.

சாந்தி 2016இல் மூடப்பட்டது. கிரவுனும் புவனேஸ்வரியும் இன்று இல்லை. அகஸ்தியா 2020 ஊரடங்கில் மூடியது, பிறகு திறக்கவே இல்லை. வடக்கே எல்லாமே போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. ராயபுரத்தில் ஐட்ரீம் ஓடுகிறது. அதன் பெயரை அடைமொழியாகக் கொண்டவர் 2021இல் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரே ஆனார். தியேட்டருக்கும் தெருவுக்கும் உள்ள உறவு இந்தப் பக்கம் இன்னும் அவ்வளவு பலமானது.

ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. 2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' வந்தது. எழுபதுகளின் வடசென்னையை, அதன் குத்துச்சண்டையை, துறைமுகக் கூலியை, எமர்ஜென்சிக் கால அரசியலைத் திரையில் அப்படியே எழுப்பிக்காட்டிய படம். கபிலனும் ரங்கன் வாத்தியாரும் எந்தத் தியேட்டரில் படம் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கிரவுனிலும் பாரத்திலும் அகஸ்தியாவிலும்தான். அந்தப் படம் தியேட்டருக்கே வரவில்லை. நேராக அமேசானில் வெளியானது. பெருந்தொற்றுக் காலம், வேறு வழியில்லை, சரி. ஆனால் தண்டையார்பேட்டையில் ஒருவர் தன் தெருவின் கதையைத் தன் தெருவில் ஆயிரம் பேரோடு உட்கார்ந்து விசிலடித்துப் பார்த்திருக்க வேண்டிய படம் அது. அவர் அதை ஆறு அங்குல போனில், தனியாகப் பார்த்தார். வடசென்னை திரையில் அதிகமாகத் தெரிய ஆரம்பித்த அதே பத்தாண்டில்தான் வடசென்னையின் திரைகள் குறைந்துகொண்டே வந்தன.

*

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. காலடிப்பேட்டைக்கு ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. இப்போது அங்கே ஏறினால் மாறாமல் அரை மணி நேரத்தில் மவுண்ட் ரோடு போய்விடலாம். எழுபதுகளில் அங்கே இருந்தவருக்குக் கனவு போல இருந்திருக்கும். நல்ல விஷயம்தான், மறுப்பில்லை. ஆனால் நாலு பேர் உள்ள குடும்பம் போய்வர மெட்ரோ டிக்கெட், மால் தியேட்டர் டிக்கெட், உள்ளே பாப்கார்ன் என்று கணக்குப் போட்டால் அது சினிமாவுக்குப் போவதல்ல, டூர் போவது. அப்படி ஒரு டூரை வருஷத்துக்கு இரண்டு முறை போடலாம். கூலி வந்த அன்றைக்கெல்லாம் போட முடியாது.

எலெக்ட்ரிக் தியேட்டர் தபால் நிலைய வளாகத்துக்குள் பிழைத்துக்கொண்டது. கேசினோவும் தேவியும் ஓடுகின்றன. மவுண்ட் ரோட்டின் கதையை எழுதவும் காப்பாற்றவும் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழின் முதல் பேசும் படம் ஓடிய இடத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெட்டிக்குத் தேங்காய் உடைத்த வால்டாக்ஸ் ரோட்டில் இன்று லாரிகள் சரக்கு இறக்குகின்றன. ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

பலகை இல்லாவிட்டாலும் ஊர் தன் வழியில் ஞாபகம் வைத்துக்கொள்ளும். டி.எச். ரோட்டில் போகும் பஸ்ஸில் இன்றைக்கும் 'மகாராணி ஒண்ணு', 'அகஸ்தியா ரெண்டு' என்று டிக்கெட் கேட்பார்கள். ஸ்டாப்பிங் பெயராகத் தியேட்டர் நிற்கிறது. இன்னும் ஐம்பது வருஷத்தில் அகஸ்தியா என்றால் ஏதோ முனிவர் தவம் செய்த இடம்போல என்று ஒரு கதை கிளம்பினாலும் ஆச்சரியமில்லை. ஜோசப் கோலெட் யாரென்று தெரியாமலேயே முந்நூறு ஆண்டாகக் காலடிப்பேட்டை என்று சொல்லிவரும் ஊர்தானே இது.